புள்ளி எண்பத்தாறு

மார்ச் 3

இந்தூர் வந்து சேர்ந்தேன். இது ஒரு மருந்துக் கம்பெனி கொடுத்த பழைய டைரி. கிழமைகள் ஒத்துவராது. அடித்துவிட்டேன். தேதி போதும்.

எதற்கு வந்தேன் என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். பிற்காலத்தில் இதைத் தேடி ஆட்கள் வருவார்கள். என் அக்கா சங்கரவடிவுக்கு மூட்டு ஆபரேஷன். அவள் மகள் கோமதி இங்கே ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடும் டாக்டர் இல்லை, மற்ற டாக்டர். வரும் 21ஆம் தேதி பெரிய ஆட்கள் ஐந்து பேர் உட்கார்ந்து அவள் வேலையைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஜூனில் ஜெர்மனியில் வேலை. சொல்லாவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். பிள்ளை சாப்பிடாமல் துரும்பாய் இளைத்துவிட்டது என்று அக்காவுக்குக் கவலை. மாடி ஏற முடியாததால் என்னை அனுப்பினாள்.

“மூணு வேளை சோறு பொங்கிப் போடு. வாயைத் திறக்காத. ரெண்டே வேலைதாம்.”

முதல் வேலையைச் செய்துவிடலாம்.

அக்கா என்னை அனுப்பியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கோமதி செய்வது எக்ஸ்ரே ஆராய்ச்சி. தென்காசியில் முப்பத்தொரு வருஷம் எக்ஸ்ரே என்றால் ஆவுடையப்பன்தான். எட்டாம் வகுப்புக்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் பள்ளிக்கூடத்தை விட்டேன். நேரே எக்ஸ்ரேதான். மாவட்ட ஆட்சியரே கையைப் பிடித்துக்கொண்டு வந்து, “ஆவுடையப்பன் பிலிம் கழுவினால்தான் படம் எடுத்துக்கொள்வேன்” என்று நின்றிருக்கிறார்.

ஆக, இந்த வீட்டில் இப்போது எக்ஸ்ரேகாரர்கள் இரண்டு பேர்.

மார்ச் 5

காலையில் வெளியே போய் ஒரு தட்டு அவல் வாங்கினேன். மேலே ஓமப்பொடி. பக்கத்தில் ஜிலேபி. யாரோ மூன்று பேருடைய சாப்பாட்டை ஒரே தட்டில் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவன் இன்னும் கொஞ்சம் ஓமப்பொடி போட்டுக் கொடுத்தான். எனக்கு இந்தி நன்றாகவே வரும். இவர்களுக்குத்தான் காது சரியில்லை.

மாவு பொங்கவில்லை. புளி புளிக்கவில்லை. முருங்கைக்காய் கிடைத்தது, அதுவும் கயிறு மாதிரி. எப்படியோ சாம்பார் வைத்தேன். கோமதி கம்ப்யூட்டரைப் பார்த்தபடி இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டிலேயே கை கழுவினாள்.

“பிள்ள, சாம்பார் எப்படி இருக்கு?”

“எந்த சாம்பார்?”

இதற்குத்தான் இரண்டு ராத்திரி ரயிலில் வந்தேன்.

மார்ச் 7

இன்று அவளை விடவில்லை. என்னதான் செய்கிறாய் என்று எதிரில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் சம்படத்திலிருந்து ஒரு கடுகை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“இதைச் சுத்திலும் ஒரே மாதிரி அமுக்கணும் மாமா. அமுக்குன அமுக்குல உள்ள இருக்க அணுவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். சூரியன்ல நடக்கது அதுதாம். லேசரை நேரா அடிச்சா ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கொறைய விழுந்துரும். அதனால நகத்தளவு தங்கக் குப்பி செஞ்சு, கடுகை நடுவுல வச்சு, லேசரைக் குப்பியோட உள்சுவத்துல அடிப்பாக. தங்கம் கொதிச்சு எக்ஸ்ரேயைக் கக்கும். அந்த எக்ஸ்ரே குப்பி முழுக்க நெறஞ்சு கடுகை எல்லாப் பக்கமும் அமுக்கும்.”

“குப்பி எத்தன பவுன்?”

“அது உங்க கவலையில்ல. உள்ள போன லேசர்ல எவ்வளவு எக்ஸ்ரேயா மாறுதுன்னு முன்கூட்டியே சொல்லணும். அதுக்குக் கணக்கு எழுதியிருக்கேன். கம்ப்யூட்டர் போட்டுச் சொல்லும்.”

“சொல்லுதா?”

“சொல்லுது. கூடச் சொல்லுது.”

இங்கே சின்ன லேசரை வைத்துத் தங்கத் தகட்டில் அடித்து அளந்து பார்த்திருக்கிறார்கள். அளவு நூறு என்றால் இவள் கணக்கு நூற்றுப்பதினாறு என்கிறதாம். எங்கே அடித்தாலும், எப்படி அடித்தாலும், அதே பதினாறு கூட. ஏன் என்று தெரியவில்லை. எட்டு மாதமாகத் தேடுகிறாள்.

கூட வந்தால் நல்லதுதானே என்றேன். கடுகைத் திரும்பச் சம்படத்தில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லவே பொறுமை இல்லை.

மார்ச் 9

அக்கா போன். தங்கக் குப்பியைப் பற்றிச் சொன்னேன். ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு அறை முழுக்கத் தங்கம் என்றும், சாவி கோமதியிடம் இருக்கிறது என்றும், துப்பாக்கி வைத்து இரண்டு பேர் காவல் என்றும் சொன்னேன். சாவி விஷயம் எனக்கு உறுதியாகத் தெரியாது. இருக்கும்.

அக்கா சிரித்தாள். “ஏல ஆவுடை, நீ பத்துன்னா இந்த வீட்ல எட்டரைன்னுதாம் எடுத்துக்கிடுவோம். அதனால ஒண்ணுமில்ல, சொல்லு.”

சின்ன வயதிலிருந்து இந்தப் பேச்சு. நான் கண்டுகொள்வதில்லை.

கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காலில்தானே ஆபரேஷன், கைக்கு என்ன என்றாள். அவள் இடது மணிக்கட்டு கோணல். பத்தொன்பது வருஷத்துக்கு முன் வழுக்கி விழுந்தாள். நான் வேலை பார்த்த எக்ஸ்ரே கடையில்தான் படம் எடுத்தோம். ஒன்றுமில்லை என்று டாக்டர் எண்ணெய் எழுதிக் கொடுத்தார். கீறல் இருந்திருக்கிறது. அப்படியே கோணலாக ஒட்டிவிட்டது. அந்தக் கையால் இட்லிக் கொப்பரையைத் தூக்க மாட்டாள். அந்த டாக்டருக்குக் கண் பொட்டை என்று அன்றைக்கே ஊர் முழுக்கச் சொன்னவன் நான்.

ரசம் வைத்தேன்.

மார்ச் 11

இன்று அதிசயமாகக் கோமதியே என் தொழிலைப் பற்றிக் கேட்டாள்.

“மாமா, எக்ஸ்ரே படம் வெளுப்பா வந்தா என்ன செய்வீய?”

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் கையில் வெளுப்பாக ஒரு படமும் வெளியே போனதில்லை என்றேன். மெஷின் எப்படி எடுத்தாலும் சரி, இருட்டறைக்குள் வந்துவிட்டால் என் ராஜ்யம். படம் வெளுப்பாக வருகிறதென்று தெரிந்தால் கழுவும் மருந்தில் கூடக் கொஞ்ச நேரம் ஊறவிடுவேன். கறுத்துக்கொள்ளும். கறுப்பாக வந்தால் சீக்கிரம் தூக்கிவிடுவேன். கடிகாரமே பார்க்க மாட்டேன், எல்லாம் கைப்பக்குவம். “ஆவுடையப்பன் இருக்கும்போது மெஷின் எதற்கு” என்று முதலாளியே சொல்லியிருக்கிறார்.

கோமதி பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

“அப்ப, மெஷினே கெட்டுக்கிட்டு வந்தா எப்படித் தெரியும்? நீங்கதாம் எல்லாத்தையும் சரியாக்கி வெளிய விட்டுருதியளே.”

அடுப்பில் பால் பொங்கிவிட்டது. போய் இறக்கினேன்.

மார்ச் 12

பால் பொங்கவில்லை. எனக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 14

ஹோலியாம். புது வேட்டி கட்டிக்கொண்டு காய் வாங்கப் போனேன். நான்கு நிறத்தில் திரும்பி வந்தேன். என்னை யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்துத்தான் அவ்வளவு மரியாதையாக ஊற்றினார்கள். சோப்பு போட்டும் போகவில்லை. வலது காது இன்னும் பச்சை.

கோமதியின் பேராசிரியர் கேல்கர் போன் செய்தார். அரைமணி நேரம். இவள் “யெஸ் சார், பட் சார்” என்றாள். கடைசியில் பட் இல்லாமல் யெஸ் மட்டும். போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

“என்னட்டி சொல்லுதாரு?”

“ஒரு எண்ணால பெருக்கிக் கணக்கைச் சரி பண்ணிருங்காரு. எல்லாரும் செய்யதுதானாம். அடிக்குறிப்புல ஒரு வரி போட்டாப் போதுமாம். ஏன்னு கண்டுபிடிக்கதைப் பொறவு பாத்துக்கிடலாமாம்.”

“நல்ல மனுசன். பெருக்கிவிட்டுச் சாப்பிட வா.”

புளியோதரை. நான்கு வாய் தின்றாள். முன்னேற்றம்.

மார்ச் 15

இதைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். சிவப்புப் பேனா இல்லை.

காபி கொண்டுபோய்க் கொடுக்கும்போது கோமதியின் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். கறுப்புத் திரையில் வரிவரியாக என்னென்னவோ. நடுவில் எம், ஏ, எம், ஏ. மாமா! பக்கத்தில் ஒரு சமக்குறி. பூஜ்யம் புள்ளி எண்பத்தாறு.

“ஏட்டி, இது நான்தானா?”

அவள் பட்டென்று திரையை மறைத்தாள். முகம் சிவந்துவிட்டது.

“சும்மா ஒரு பேரு மாமா. எதாச்சும் ஒரு பேரு வைக்கணும்லா. நேத்து அவசரத்துல வச்சேன்.”

“இது என்ன செய்யுது?”

“கணக்கு சொல்லுத எக்ஸ்ரேயை இதால பெருக்கும். பெருக்கினா அளவோட பொருந்திரும்.”

“அப்ப நான் இல்லேன்னா பொருந்தாதா?”

“பொருந்தாது,” என்றாள். ஏனோ சிரித்தாள். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சூரியனைப் பூமியில் செய்யும் கணக்கில் நடுநாயகமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆவுடையப்பன் என்றே வைத்திருக்கலாம், நீளமாக இருக்கும் என்று விட்டிருப்பாள். அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். எண் என்ன என்று கேட்டாள். புள்ளி எண்பத்தாறு என்றேன். போனை வைக்கும்வரை சிரித்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 17

குடியிருப்புப் பூங்காவில் காலை நடை. அங்கே ஒரு தமிழர் கிடைத்தார். டாக்டர் வேதமூர்த்தி, மயிலாப்பூர்க்காரர், தொப்பியும் மப்ளரும். மார்ச் மாதத்தில் மப்ளர். கோமதியின் 21ஆம் தேதி ஐந்து பேரில் அவரும் ஒருவராம். இது பேசிக்கொண்டே போகும்போது தெரிந்தது. அவர் சொல்லவில்லை, நானாக ஊகித்தேன். சரி, அவர்தான் சொன்னார்.

“பொண்ணு கெட்டிக்காரி. அந்தப் பதினாறு பர்சென்ட் தொல்லை தீர்ந்துடுத்தாமே? கேல்கர் சொன்னார். எப்படித் தீர்த்தாள்?”

“என்னாலதாம் சார் தீந்துச்சு.”

அவர் நின்றுவிட்டார்.

“நீங்க?”

“அவ கணக்குல என் பேரு இருக்கு. மாமான்னு. புள்ளி எண்பத்தாறு. என்னை வச்சுப் பெருக்கினாத்தாம் எல்லாம் பொருந்தும். நான் இல்லேன்னா பழையபடி பதினாறு கூடத்தாம்.”

“ஓஹோ,” என்றார். மூன்று முறை ஓஹோ என்றார். மப்ளரைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். பிறகு என் முப்பத்தொரு வருஷ அனுபவத்தைப் பற்றி ஆர்வமாகக் கேட்டார். ஆட்சியர் விஷயத்தைச் சொன்னேன்.

பெரிய மனிதர்கள் பெரிய மனிதர்களை உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். 21ஆம் தேதிக்கு இனி கவலை இல்லை. கோமதியிடம் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும்.

மார்ச் 20

நாளைக்குக் கோமதி கட்டப்போகும் சேலைக்கு இஸ்திரி போட்டேன். நான் தேய்த்தால் துணி கண்ணாடி. முந்தானையில் சின்னதாக ஒரு பழுப்புக் கறை. மடிப்பில் மறைந்துவிடும்.

மார்ச் 21

இப்போது மாலை ஆறு மணி. கோமதி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். நான் பாயசம் வைத்திருந்தேன். அது அடுப்பிலேயே இருக்கிறது.

மூன்று மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் நேராக என் முன் வந்து நின்றாள்.

“வேதமூர்த்தி சார்ட்ட என்ன சொன்னிய?”

“நல்லதாத்தாம் பிள்ள...”

“கேக்க வந்தவகளோட சேத்து ஐம்பது பேரு இருக்காவ. நான் படம் காட்டிக்கிட்டு இருக்கேன். கணக்கு ஒரு கோடு, அளவு புள்ளி புள்ளியா, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா ஒக்காந்துருக்கு. அவரு கையைத் தூக்கி, ‘இதில் உங்கள் மாமா எங்கே இருக்கிறார்’ங்காரு! எல்லாரும் சிரிக்காவ. கேல்கர் சார் மட்டும் சிரிக்கல.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்ல! அடிக்குறிப்பு எழுதணும்னு சார் சொன்னாரு. அந்த ஒரு வரியை நான் எழுதல மாமா. எழுதினா அதைத்தாம் கேப்பாகன்னு விட்டுட்டேன். பொறவு சொன்னேன். நடுவுல ஒரு எண்ணு இருக்கு, அதை எடுத்துட்டா என் கணக்கு பதினாறு கூடச் சொல்லும், ஏன்னு எனக்குத் தெரியாதுன்னு. ஐம்பது பேருக்கு முன்னால, எனக்குத் தெரியாதுன்னு.”

சரி என்று சொல்லவில்லையாம். தோற்றாய் என்றும் சொல்லவில்லையாம். நான்கு மாதம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பதினாறு எங்கிருந்து வருகிறது என்று ஒரு அத்தியாயம் எழுதிக்கொண்டு திரும்ப வர வேண்டும். ஜூன் போயிற்று. ஜெர்மனிக்காரர்கள் காத்திருப்பார்களா என்று கேட்டு எழுத வேண்டுமாம்.

“அம்மா வாயைத் திறக்காதன்னு சொல்லித்தானே அனுப்பினா?” என்று கேட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மார்ச் 22

பாயசம் புளித்துவிட்டது. கொட்டினேன். மாவு மட்டும் பொங்கவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 23

இன்று காலை அவளாகவே வந்து உட்கார்ந்தாள். தலை சீவியிருந்தாள். இரண்டு தோசை கேட்டாள். அதைத் தோசை என்று சொல்ல முடியாது, இருந்தாலும் தின்றாள்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். எங்கிருந்தோ வேறு பேச்சு வந்துவிட்டது.

“என் பேரை எதுக்கு வச்ச?”

“வேண்டாம் மாமா.”

“சொல்லு.”

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “வீட்ல நீங்க எது சொன்னாலும் எல்லாரும் கொஞ்சம் கழிச்சுக்கிடுவோம்லா. பத்துன்னா எட்டரை. என் கணக்கும் அப்படித்தாம். பொய் சொல்லல. நடக்காததைச் சொல்லல. எல்லாத்தையும் ஒரே அளவு கூட்டிச் சொல்லுது. எவ்வளவு கழிக்கணும்னு பாத்தேன். எண்பத்தாறு வந்துச்சு. சிரிப்பு வந்துச்சு, வச்சுட்டேன். உங்களக் கேலி பண்ணணும்னு இல்ல.”

நான் தோசைக்கரண்டியைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவியதுதான்.

“ஒண்ணு சொல்லட்டா? நேத்து அந்த எண்ணை அழிச்சுட்டேன். இப்ப கோடு மேல ஒக்காந்துருக்கு, புள்ளி எல்லாம் கீழ கெடக்கு. பாக்க அசிங்கமாத்தாம் இருக்கு. ஆனா இப்பத்தாம் மேல போற அந்தக் கோட்டைக் கண்ணால பாக்க முடியுது. எண்ணு இருக்க வரைக்கும் தப்பு எங்கன்னு தேடவே தோணல.”

எழுந்து போகும்போது என் தோளில் கை வைத்துவிட்டுப் போனாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 25

கூட்டாமல் எழுத முயற்சி செய்கிறேன்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் எங்கள் கடை எக்ஸ்ரே மெஷினின் குழாய் தேய்ந்துகொண்டு வந்தது. படமெல்லாம் வெளுப்பாக விழுந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் இருட்டறையில் நான் மட்டும்தான். முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆவுடையப்பனுக்கு என்ன மரியாதை? ஒவ்வொரு படத்தையும் மருந்தில் கூட ஊறவிட்டுக் கறுப்பாக்கி வெளியே அனுப்பினேன். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அப்படிக் கறுத்த படத்தில் ஒரு புகை படியும். பெரிய எலும்பு தெரியும், மயிரிழைக் கீறல் தெரியாது. எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள் அக்கா வழுக்கி விழுந்தாள்.

டாக்டருக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. அவர் கையில் நான் கொடுத்த படத்தில் கீறல் இல்லை.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். கோமதி மேஜையில் வேலையாக இருந்தாள். மேலே எழுதியதை அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“ஏல, போ. நீ இருட்டு ரூம்ல பிலிம் கழுவினவன். ஒன்னாலயா என் கை கோணுச்சு? ஒனக்கு எதுலயும் நீதாம் பெரிய ஆளா இருக்கணும், தப்புலயும். சரி, எட்டரையா எடுத்துக்கிடுதேன். பிள்ளை சாப்பிட்டாளா?”

“அக்கா, இதை முழுசா எடுத்துக்கோ.”

“ஆமா, கலெக்டர் வந்ததையும் முழுசாத்தாம் எடுத்தேன்.”

அறுபத்து மூன்று வருஷம் பேசிப் பேசி, கடைசியில் நம்பும்படி ஒரு வாக்கியம் என்னிடம் இல்லை. போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.

கோமதி தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கவனிக்கவில்லை. எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“அம்மா, கோமதி பேசுதேன். மாமா சொன்னது முழுசுதாம். இதுல ஒண்ணும் கழிக்காத.”

லைன் கட் ஆகிவிட்டதோ என்று கோமதி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். ஆகவில்லை.

மார்ச் 26

அன்று கடைக்கு ஆட்சியர் வரவில்லை. அவர் ஜீப் டிரைவர் வந்தார். அவரும் என்னைக் கேட்டு வரவில்லை.

மாவு ஒருவழியாகப் பொங்கியது. ஏழு இட்லி. கோமதி மூன்று தின்றுவிட்டு, தங்கம் சூட்டை எப்படிக் கடத்துகிறது என்பதில் தப்பு இருக்குமோ என்று பார்க்கப் போனாள். இருக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். இப்போதெல்லாம் அதைச் சாதாரணமாகச் சொல்கிறாள்.

காலையில் அக்கா போன் செய்தாள். என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை. கோமதியிடம் இரண்டு நிமிஷம் பேசினாள். வைக்கும்போது, மாமா சாப்பிட்டாரா என்று கேட்டாளாம்.

நான்கு இட்லி என்று சொல்லச் சொன்னேன். நான்குதான்.